உன் ஸ்கூட்டரின் புகை

முகிலா,

இந்தக் கடிதத்தை உன் பெட்டிக்குள், சட்டைகளுக்கு அடியில் வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ வேலைக்குப் போகிற ஊரில் போய் இறங்கி, ஊறுகாய் பாட்டில் உடைந்திருக்கிறதா என்று நீ பெட்டியைக் குடையும்போது கையில் கிடைக்கும். அதற்குள் நமக்கு நடுவே ஒரு கடல் வந்திருக்கும். நீ எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கேட்காது. நல்ல யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் வெட்கமாகிவிட்டது. ஐந்து வருஷமாக இப்படித்தான் தப்பித்துக்கொண்டிருக்கிறேன், இதையும் அதே மாதிரி செய்ய வேண்டாம். நாளை காலை நீ எழுவதற்கு முன் உன் மேஜைமேல் வைக்கப்போகிறேன். நீ கிளம்ப இன்னும் இரண்டு நாள் இருக்கும். என்னைத் திட்ட அது போதும் என்று நினைக்கிறேன். பெற்ற மகனிடம் வாயால் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், உன் முகத்தைப் பார்த்தால் நான் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். எனக்கு அது கைவந்த கலை.

போன வாரம் அடையாறில் நீ பேசிய கூட்டத்துக்கு என்னையும் உங்கம்மாவையும் அழைத்துப் போனாய். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம், ஏசி குளிருக்கு உங்கம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். உலகம் வருஷா வருஷம் வெளியே விடுகிற கரியமில வாயுவை நீ திரையில் ஒரு கோடாகக் காட்டினாய். கோடு ஏறிக்கொண்டே போனது, ஊரடங்கு வந்த வருஷத்தில் சட்டென்று ஒரு பள்ளம், அப்புறம் மறுபடியும் ஏற்றம். அந்தப் பள்ளத்தின்மேல் நீ சிவப்புப் புள்ளியை நிறுத்தியபோது, எனக்கு முன்னால் இருந்த ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம், "அப்படியே இருந்திருக்கக் கூடாதா" என்றார். நீ அப்படிச் சொல்லவில்லை. அந்த ஒரு பள்ளத்தால் வானத்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை, முன்பே மேலே போனது அங்கேயேதான் இருக்கிறது, வண்டிகள் ஓட ஆரம்பித்ததும் கோடும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது என்று சரியாகத்தான் சொன்னாய். அதோடு முடித்திருக்கலாம். "அளவு என்றால் என்ன என்று நான் கற்றது கல்லூரியில் இல்லை, ராயப்பேட்டையில் என் அப்பாவின் புகைப் பரிசோதனை மையத்தில். அவர் ஒரு எண்ணைக்கூட இட்டுக்கட்டி எழுதி நான் பார்த்ததில்லை" என்றாய். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். நான் எழுந்து நின்று கும்பிட்டேன். என்ன ஜென்மம் பார் நான், எழுந்து நின்று கும்பிடவும் செய்தேன்.

நீ பார்த்ததில்லை என்பது உண்மைதான். நீ பார்க்காத நேரத்தில் நடந்ததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அந்த முதல் ஊரடங்கு உனக்கு ஞாபகம் இருக்கும். நீ கல்லூரியில் இரண்டாவது வருஷம். சாயங்காலம் ஆனால் மூவரும் மொட்டை மாடிக்குப் போவோம். ஒருநாள் நீ, "அப்பா, பரங்கிமலை தெரியுது!" என்று கத்தினாய். இருபது வருஷம் அந்த மாடியில் துணி காயப்போட்ட உங்கம்மாவுக்கே அங்கிருந்து மலை தெரியும் என்று தெரியாது. நீ போனில் படம் எடுத்தாய், எந்த வாயு எவ்வளவு குறைந்திருக்கும் என்று நோட்டில் கணக்குப் போட்டாய். உன்னுடைய இந்த வேலை, இந்த விமானம் எல்லாம் அந்த மாடியில்தான் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். நானும் நன்றாக மூச்சை இழுத்துவிட்டேன். உங்கம்மா மட்டும், "காத்து நல்லாத்தான் இருக்கு. இத உலையில போட்டா சோறு ஆகுமா?" என்றாள். நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்ரோல் பங்க் ஓரத்தில் நம் மையம், அதாவது கம்ப்யூட்டரும் புகை பார்க்கும் மிஷினும் வைத்த அந்தப் பழைய வேன், தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. ஊரில் புகை இல்லை என்றால் எனக்கு என்ன வேலை? ஊர் நாற வேண்டும், அதை அளந்து நான் பிழைக்க வேண்டும். அப்படி ஒரு தொழில்.

நான்தான் என்றில்லை. தி. நகர் துணிக்கடையில் நின்ற பெண்கள் தெருமுனையில் கீரை விற்றார்கள். மயிலாப்பூரில் கல்யாணத்துக்குச் சமைக்கிறவர் ஒருவர் வீடு வீடாக இட்லி மாவு கொண்டுபோனார். எல்லோரையும் விட நசீர் பாய் அடிபட்டார். உன்னை எட்டு வருஷம் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போனவர். பள்ளி மூடினால் பள்ளி வேனுக்கு என்ன பிழைப்பு? அதுவும் ஒரு மாதமா, இரண்டு மாதமா? முதலில் அதே வேனில் காய்கறி வைத்து விற்றார். பிறகு வேனையே விற்றார். சீட்டுக்குக் கீழே குழந்தைகள் விட்டுப்போன ரப்பர், பென்சில் எல்லாம் ஒரு டப்பாவில் இருந்தது, அதை மட்டும் எடுத்துக்கொண்டார். ஊர் திறந்தபிறகு மேற்கு மாம்பலத்தில் ஒரு தரகரிடம் பழைய ஆம்னி வேன் ஒன்றைப் பிடித்தார். இடது பக்கக் கதவை ஒரு கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். அதில் அடையாறில் ஒரு கம்பெனி ஆட்களைக் காலையும் மாலையும் ஏற்றி இறக்கினார்.

உன் கோட்டில் அந்தப் பள்ளத்துக்குப் பிறகு வருகிற ஏற்றத்தில் இதுவும் இருக்கிறது, முகிலா. நல்ல வண்டி வைத்திருந்தவன் அதை விற்றுவிட்டு ஓட்டை வண்டி வாங்கினான். ஓட்டை வண்டிக்காரன் சர்வீஸ் செய்வதை நிறுத்தினான். பஸ்ஸில் ஏறப் பயந்தவர்கள் மூலையில் கிடந்த பழைய ஸ்கூட்டரைத் துடைத்து எடுத்தார்கள். ஊரடங்கு முடிந்து என் மையத்துக்கு வந்த வண்டிகள் முன்பு வந்த வண்டிகள் இல்லை. இருமிக்கொண்டு வந்தன. புகையைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம், தேறாது என்று.

அங்கேதான் நான் சறுக்கினேன். எல்லோருடைய சர்ட்டிபிகேட்டும் காலாவதியாகியிருந்தது, போலீஸ் பிடிக்க ஆரம்பித்திருந்தார்கள், பங்க் வாசல் வரை வரிசை நின்றது. ஒழுங்காக அளந்தால் பாதி வண்டி தேறாது. தேறாது என்று சொன்னால் அடுத்த தெருவில் இருக்கிற மையத்துக்குப் போவார்கள், அங்கே தேறிவிடும். உனக்கு அப்போது வகுப்பெல்லாம் வீட்டில் போனில்தான். உன் ஸ்கூட்டர் சும்மா நின்றது. ஊரடங்கு முழுக்க வீடியோ பார்த்துப் பார்த்து நீயே அதைப் பிரித்து, கழுவி, திரும்பப் பூட்டி வைத்திருந்தாய். அதன் சைலன்சரில் புகை பார்க்கும் மிஷினின் குழாயைச் செருகிப் பார்த்தபோது வந்த அளவைப் போல் சுத்தமான அளவை நான் என் தொழிலில் பார்த்ததில்லை. "அப்பா, எடுத்துட்டுப் போங்க, ஓடினாத்தான் வண்டிக்கு நல்லது" என்று சாவியை நீதான் கொடுத்தாய். நான் அதை மையத்துக்குப் பின்னால், வரிசையில் நிற்பவர்கள் கண்ணுக்குப் படாமல் நிறுத்தினேன். குழாயை அதன் சைலன்சரில் செருகினேன். முன்னால் வந்து நிற்கிற வண்டியின் நம்பர் பலகையைக் கேமராவில் பிடித்தேன். புகை உன்னுடையது, நம்பர் அவர்களுடையது. ஆறு மாதம் அப்படி ஓட்டினேன். ராயப்பேட்டையில் எத்தனையோ வண்டிகள் உன் ஸ்கூட்டரின் புகையை விட்டதாகக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தன.

நசீர் பாய் வந்தது ஒரு காலை வேளையில். கயிறு கட்டிய கதவோடு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, இறங்காமலே தலையை நீட்டினார்.

"இன்னாண்ணே, செம கூட்டம் கீது? நமக்கும் ஒண்ணு போட்டு குடு. நேத்து அடையார் பாலத்தாண்ட ஒருத்தன் புட்ச்சிட்டான்."

"வண்டி எப்படி ஓடுது பாய்?"

"ஓடுது, ஓடுது. செல்ஃப்தான் எடுக்க மாட்டேங்குது. ஆஃப் பண்ணா நாலு பேரு தள்ளணும். அதுக்கோசரம் ஆஃபே பண்றதில்ல. கொஞ்சம் தலவலி கீது, பெட்ரோல் வாடயோ இன்னாவோ." அப்புறம் கண்ணைச் சிமிட்டினார். "குழாய வுட்டுப் பாக்கப்போறியா இன்னா? மானம் போயிடும்ண்ணே."

"உனக்குப் போயி குழாயா? கொஞ்சம் பின்னால எடு, நம்பர் விழட்டும்" என்றேன்.

ஒரு நிமிஷ வேலை. உதவி செய்துவிட்டதாக எனக்குப் பெருமை வேறு. காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

உனக்கு நான் தொழிலில் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான், அதை நீ அன்று மேடையிலும் சொன்னாய். எண் அதிகமாக வந்தால் யாருக்கும் தெரியும், வண்டியில் கோளாறு. வர வேண்டியதை விட ரொம்பக் குறைவாக வந்தால்தான் ஆபத்து. சைலன்சருக்குப் போகிற பைப் வழியில் எங்கோ ஓட்டை, புகை அங்கேயே வெளியேறிவிடுகிறது, வெளிக்காற்று உள்ளே கலக்கிறது, கடைசியில் குழாய்க்கு வருவது பாதிதான். பழைய வண்டிக்கு நல்ல எண் வந்தால் சந்தோஷப்படாதே, கீழே குனிந்து பார் என்று உனக்குப் பத்து வயதில் சொன்னேன். நீ அன்று முழுக்க வண்டி வண்டியாகக் குனிந்து பார்த்துச் சட்டையைக் கரியாக்கிக்கொண்டாய். அந்த ஆம்னியில் மட்டும் நான் குழாயைப் போட்டிருந்தால், அந்தக் கிழட்டு எஞ்சினுக்கு வரக்கூடாத அளவுக்கு நல்ல எண் வந்திருக்கும். நான் குனிந்திருப்பேன். பைப் துருப்பிடித்து, முன்சீட்டுக்கு நேர் கீழே விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்தது. ஆம்னியில் எஞ்சினே முன்சீட்டுக்கு அடியில்தானே. மெக்கானிக் பிறகு அதைக் காட்டினார். தலைவலி என்று அவர் தன் வாயால் சொன்னபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. எனக்கு வரிசைதான் கண்ணில் இருந்தது.

அந்த வருஷம் பெய்த மழை உனக்குத் தெரியும். பாய் கம்பெனி வாசலில் ஆட்களுக்காகக் காத்திருந்திருக்கிறார். மழைக்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்டிருக்கிறார். அணைத்தால் திரும்ப எடுக்காது என்று எஞ்சினை ஓடவிட்டிருக்கிறார். வாட்ச்மேன் போய்க் கண்ணாடியைத் தட்டும்போது ஸ்டியரிங்மேல் சாய்ந்து கிடந்தாராம். நாம் இருவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோமே, அன்று நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது பாயின் மனைவி பர்வீன் என்னிடம் கேட்டாள். அழுதுகொண்டுகூட இல்லை, சந்தேகம் கேட்பது மாதிரித்தான் கேட்டாள். "அண்ணே, டாக்டர் புகைன்றாரு. நீங்கதான போன மாசம் பாத்து குடுத்தீங்க? மிஷின்ல காட்டலயா?"

"காட்டலம்மா" என்றேன்.

பொய்யில்லை பார். காட்டவில்லைதான். குழாயைப் போடாத மிஷின் எதைக் காட்டும்? அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் ஓட்டினேன். மறுநாள் குழாயை உன் ஸ்கூட்டரிலிருந்து பிடுங்கினேன். அந்த வாரமே ஸ்கூட்டரை விற்றேன். மைலேஜ் இல்லை என்று உன்னிடம் சொன்னேன், நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வண்டியையும் ஒழுங்காக அளக்கிறேன். வரிசை எல்லாம் போய்விட்டது. அது ஒன்றும் பெரிய பிராயச்சித்தம் இல்லை.

பாய் பிழைத்தார், ஆனால் மூளையில் பாதி அந்த வண்டிக்குள்ளேயே தங்கிவிட்டது. சென்னையில் எந்தச் சந்து எந்தத் தெருவில் போய் முட்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொன்னவர், இன்று கழிவறைக்குப் போய்விட்டுத் திரும்ப வழி தெரியாமல் நிற்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் போவது உனக்குத் தெரியும். பிஸ்கட் வாங்கிக்கொண்டு போவேன், பர்வீன் டீ போடுவாள், அவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருவேன். "எல்லாரும் மறந்துட்டாங்க, நீங்க மட்டும்தாம்பா போறீங்க" என்று நீ எத்தனை தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறாய்! ஒவ்வொரு தடவையும் எனக்கு நாக்கில் வந்து திரும்பிப் போகும். நான் நட்புக்காகப் போகவில்லை, முகிலா. போகாமல் இருந்தால் யாராவது ஏன் என்று கேட்பார்களோ என்ற பயத்தில் போக ஆரம்பித்தேன். பிறகு அது பழகிவிட்டது. இப்போது அவர் இல்லாமல் எனக்கும் வெள்ளிக்கிழமை இல்லை. அதுவும் உண்மை.

போன ஞாயிறு நீ ஊருக்குப் போவதை அவரிடம் சொல்ல உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். வெளியே ராயப்பேட்டை முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பாய் எரிச்சலோடு ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "லாக்டவுன்ல இவனுங்கோ இன்னாத்துக்கு சுத்திக்கினு கீறானுங்கோ?" அவருக்கு அது இன்னும் முடியவில்லை. உன்னை உற்றுப் பார்த்தார். நீ சின்னப் பையனாக இருந்தபோது வைத்திருந்த முகத்தை அவர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். "நைனா, ஸ்கூலு தொறந்தா ஏழேகாலுக்கு ரெடியா இரு. லேட் பண்ணா வுட்டுட்டுப் பூடுவேன்" என்றார். "சரி பாய்" என்று சொல்லிவிட்டு நீ எழுந்து வெளியே போய்விட்டாய். அப்புறம் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பர்வீனிடம் சொன்னார்: "அண்ணன்தான் நம்ம வண்டிக்கு சர்ட்டிபிகேட் போட்டு குடுத்துச்சு. ஒரு வார்த்த கேக்கல." நேற்று நடந்தது மறந்து போகிறவருக்கு அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இன்று காலை அவர் தூங்கிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துப் போனேன். வாசலிலேயே நின்று பர்வீனிடம் சொன்னேன். "அன்னிக்கு மிஷின்ல காட்டலன்னு சொன்னேம்மா. நான் குழாயப் போட்டே பாக்கல. வேற வண்டில போட்டுட்டு அவருக்குக் காகிதம் குடுத்தேன். பாத்திருந்தா ஓட்ட தெரிஞ்சிருக்கும்." இவ்வளவுதான் விஷயம். ஐந்து வருஷமாக முழுங்கிக்கொண்டிருந்தது இத்தனை சின்னதா என்று இருந்தது. அவள் கையில் அரிசி களைந்துகொண்டிருந்த பாத்திரம். அதைக் கீழே வைக்கவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. திட்டுவாள், அடிப்பாள், அக்கம்பக்கத்தைக் கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தேன். எதுவானாலும் அது எனக்கு லாபம்தான் என்று உள்ளுக்குள் நினைத்தேன், இந்த அழுக்குப் புத்தியையும் மறைக்காமல் எழுதுகிறேன். களைந்த தண்ணீரை வாசலோரம் ஊற்றிவிட்டு, "தலவலின்னு சொன்னாரா உங்க கிட்ட?" என்று கேட்டாள்.

"சொன்னாரும்மா."

"என் கிட்ட சொல்லல" என்றாள். அதற்குத்தான் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அவருக்குத் தெரிய வேணாம். வெள்ளிக்கிழமை வராம இருந்துடாதீங்க. காலைலருந்து அண்ணன் எப்ப வரும், எப்ப வரும்னு கேட்டுக்கினே இருப்பாரு. உங்கள வுட்டா அவருக்கு யாரு கீறா? வந்து உக்காருங்க. ஆனா என் கையால இனிமே டீ கேக்காதீங்க."

நான் இதுவரை கேட்டு வாங்கியதில்லை. அவளாகத்தான் போட்டுக் கொடுப்பாள்.

மையத்தின் உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கும் மனு ஒன்றும் எழுதி வைத்திருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை, ஆனால் சொந்தக் காரணம் என்று எழுதமாட்டேன். நீ அந்த ஊரில் போய் உட்கார்ந்து, இப்படிப்பட்ட எண்களையெல்லாம் சேர்த்துக் கோடாகப் போடப்போகிறாய். ஏதோ ஒரு பங்க் ஓரத்தில் என்னைப் போல் ஒருவன், பின்னால் மகனுடைய வண்டியை மறைத்து வைத்துக்கொண்டு உனக்கு எண் அனுப்பிக்கொண்டிருப்பான். அவன் கெட்டவனாக இருக்கமாட்டான், வரிசை நின்றிருக்கும், வீட்டில் அரிசி வாங்க வேண்டியிருக்கும். அந்த வருஷத்துப் பள்ளத்தைக் காட்டும்போது, எண் ரொம்ப நன்றாக இருக்கிறதே என்று யாராவது பெருமூச்சு விட்டால், கீழே குனிந்து பார். அதை உனக்குச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அந்த ஓட்டை இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர் உன்னைப் பள்ளிக்கு ஏற்றிப்போனவர் என்பதால் சொல்கிறேன். இனி எந்த மேடையிலும் என் பெயரைச் சொல்லாதே. அவர் பெயரைச் சொல்.

நாளை வெள்ளிக்கிழமை. நாலு மணிக்குக் கிளம்புவேன். நீ என்னோடு வர வேண்டும் என்று கேட்கமாட்டேன், பேச வேண்டும் என்றும் கேட்கமாட்டேன். போகிற வழியில் முனைக்கடையில் டீ குடித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

அப்பா